பர்சீம் பூத்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் புனேவிலிருந்து தளேகாவுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மகன் காரை ஓரம் கட்டினான். வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக ஒரு வயல் தெரிந்தது.

"அம்மா, மேத்தி பாரு. எவ்ளோ இருக்கு!" என்றான்.

அது மேத்தி என்கிற வெந்தயக்கீரை இல்லை. இலை மூன்று மூன்றாக இருக்கும், அந்த ஒற்றுமை மட்டும்தான். அது பர்சீம். பனிக்காலத்தில் விதைத்து, வெயில் ஏறும்போது முடிந்துவிடும் தீவனப் பயிர். குளோவர் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தக் குடும்பம். "மேத்தி இல்லடா, மாட்டுக்குப் போடறது" என்று மட்டும் சொன்னேன். கேட் திறந்துவிட்டது. அவன் ஹிஞ்சேவாடி டிராஃபிக்கைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தான். எனக்குக் காது மடல் இரண்டும் சூடாகியிருந்தன. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது வெட்கம்தான். அது எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நாங்கள் புனேவை ஒட்டிய கசார்வாடியில் இருந்தோம். பழைய மும்பை ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே ஒரு சொசைட்டி, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்கள் வீடு தரைத் தளம். தரைத் தளத்துக்காரர்களுக்கு மட்டும் வீட்டு முன்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. நிலம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டால் நிறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் அதில் பழைய தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். அடுத்த வீட்டில் துளசி மாடமும் துணி காயும் கொடியும்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டினார். மன்னார்குடிப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர். புனேவுக்கு வந்து அத்தனை வருடம் ஆகியும் அவருக்கு இந்தி பட்டறைக்கு வேண்டிய அளவுக்குத்தான் தெரியும். மராத்தி காதில் விழுந்தால் பாதி புரியும், வாயில் வராது. அதனால் ரேஷன் கடை, டாக்டர், மின்சார ஆபீஸ் என்று எங்கே போனாலும் என்னைக் கூட்டிப் போவார். கவுண்டர் முன்னால் போய் நின்று, என் தோளில் கையை வைத்து, "சொல்லு பாப்பா" என்பார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மராத்தியில் சொல்வேன். அந்தக் கை தோளில் இருக்கும்வரை எனக்கு என்னமோ கலெக்டர் உத்தியோகம் பார்ப்பது போல இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்புக்கு எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண். எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே என்பார் எங்கள் டீச்சர். அதை நான் ஒரு சத்தியப் பிரமாணம் போலப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்தக் குணம் போகவில்லை. வீட்டில் மளிகை டப்பாக்கள் உயர வரிசையில்தான் நிற்கும்.

எங்கள் துண்டு நிலத்தில் ஒன்றும் விளையவில்லை. கட்டடம் கட்டியவர்கள் உடைந்த செங்கலையும் கெட்டியான சிமெண்ட் கலவையையும் அதில்தான் கொட்டி மூடியிருந்தார்கள். அப்பா போட்ட வெண்டை மஞ்சளாகி நின்றுபோனது. ஒரு மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கல்லைப் பொறுக்கிக் கூடையில் சுமந்து வெளியே கொட்டினார். பிறகு மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, "சீக்காளி மண்ணு. முதல்ல இதுக்குச் சாப்பாடு போடணும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஊரில் என்றால் கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் நேரத்தில் அப்படியே வயலுக்குள் மடக்கி உழுதுவிடுவார்கள். அறுவடை கிடையாது. மண்ணுக்காகவே வளர்த்து மண்ணுக்கே கொடுப்பது. பசுந்தாள் உரம் என்று பெயர். பனிக்காலப் புனேவில் அந்த விதைக்கு எங்கே போவது? எங்களுக்குப் பால் ஊற்றும் வடக்கத்திக்காரர், பையா என்று கூப்பிடுவோம், தன் எருமைக் கொட்டகைக்குப் பக்கத்தில் பர்சீம் போட்டிருந்தார். அவரிடம் கொஞ்சம் விதையை ஒரு துணியில் முடிந்து வாங்கி வந்தார் அப்பா. தீபாவளி முடிந்த கையோடு நிலத்தில் தண்ணீர் கட்டி, கலக்கி, அந்தக் கலங்கலில் விதையைத் தூவினார்.

பயிர் வந்தது. வந்தது என்றால், அந்தச் சந்திலேயே அப்படி ஒரு பச்சை கிடையாது. சுவரும் புகையும் இரும்புத் தூளுமாக இருக்கும் இடத்தில் அது ஒரு ஈரப் போர்வை மாதிரிப் படுத்துக் கிடந்தது. முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மேத்தி என்று நினைத்து மாடி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "காய்கா, பைன்ஸ்கா கானா" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் உண்மையைச் சொல்லிவிட்டாள். பசுவுக்கும் எருமைக்கும் போடுவது.

அதோடு என் பெருமை போயிற்று. இரண்டாவது மாடியில் என் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். மறுநாளே பள்ளிக்கூடத்தில், "உங்க வீட்டு எருமை எப்ப வருது? ஹால்ல கட்டுவீங்களா, கிச்சன்லயா?" என்று கேட்டாள். கூட இருந்தவர்கள் எருமை மாதிரிக் கத்திக் காட்டினார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது நான் அந்தப் பயிர்ப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

பால் பையாவும் விடவில்லை. பயிர் தளதளவென்று நின்றதைப் பார்த்து, "அண்ணா, ஒரு அறுப்பு அறுத்துக்கறேன், திரும்பத் தழைச்சுக்கும்" என்று இந்தியில் கேட்டார். புனேவில் மதராசிகள் எல்லோருமே அண்ணாதான். அப்பாவைவிட மூத்த அந்த பையாவுக்கும் அவர் அண்ணா. அப்பா சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று தலையாட்டினார். "எருமைக்கு இல்லாம மண்ணுக்கா ஊட்டுவாங்க?" என்று பால் கேனைத் தட்டிக்கொண்டே போனார் பையா.

இந்த நிலையில் சொசைட்டியில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன, நிறுத்த இடமில்லை. தரைத் தளத்தில் யார் தோட்டத்தை உருப்படியாக வைத்திருக்கிறார்களோ அவர்கள் வைத்துக்கொள்ளலாம். மற்ற துண்டுகளுக்கு சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவது. செக்ரெட்டரி நேரில் பார்த்து முடிவு சொல்வார். மராத்திப் புத்தாண்டான குடி பாட்வாவுக்கு முன்னால் வேலை முடிய வேண்டும்.

கவலைப்பட எங்களுக்கு ஒன்றுமே இல்லை. செக்ரெட்டரி வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் பர்சீமில் பூ எடுத்துவிட்டது. வெள்ளையும் சந்தனமும் கலந்த குட்டி உருண்டைகள். எங்கிருந்தோ தேனீக்கள்கூட வந்தன. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இனி யாரு என்ன சொல்ல முடியும்? பூந்தோட்டம் மாதிரி இருக்கு" என்றாள். நானும் வெகு நாளைக்குப் பிறகு அதை நேராகப் பார்த்தேன். பூத்துவிட்டால் மாட்டுத் தீவனம் என்று யாருக்குத் தெரியும்?

அப்பா ஒரு பூவைக் கிள்ளி, தண்டை ஒடித்துப் பார்த்தார். சத்தம் வராமல் ஒடிந்தது. "சரியான பதம். அடுத்த வாரம்னா நாராயிடும்" என்றார். அவருக்கு வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை.

செக்ரெட்டரி வர இன்னும் ஒரு வாரம் இருந்த அந்த ஞாயிறு காலை நான் எழுந்து வந்தபோது அவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நிலத்துக்குள் நின்றிருந்தார். பயிர் முழுவதையும் அரிவாளால் அறுத்துப் பரப்பியாகிவிட்டது. ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் கட்டியிருந்தார். கணுக்கால் வரை சேறு. ஏரும் மாடும் இல்லாத இடத்தில் அவருக்குத் தெரிந்த வழி காலால் மிதிப்பதுதான். ஒரு ஓரத்தில் தொடங்கி, ஒரு காலை ஊன்றி மறு காலால் தழையைச் சேற்றுக்குள் அமுக்கி, ஒரு சாண் நகர்ந்து, மறுபடி. வரிசை தப்பாமல் மிதித்துக்கொண்டு போனார். வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. சந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவரோரம் வந்து நின்றார்கள். மேலே நிமிர்ந்தால் இரண்டாவது மாடியில் என் தோழி, கம்பியில் முகவாயை வைத்துக்கொண்டு. அப்பாவின் முழங்காலுக்கு மேலே தெரிந்த தொடை எனக்கு உலகத்திலேயே பெரிய அவமானமாகப் பட்டது.

"அப்பா, உள்ள வாங்களேன். எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"பாக்கட்டும் பாப்பா. இந்த ஊர்ல இதெல்லாம் யாரு பாத்திருப்பா?" என்றார் சந்தோஷமாக. நிஜமாகவே காட்சி காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார்.

ஒன்றை அவர் யோசிக்கவில்லை. ஆற்றுப் பாசனத்துக்காரருக்கு மடையைத் திறந்தால் தண்ணீர் வரும். எங்கள் குழாய்க்குத் தண்ணீர் வந்தது மொட்டை மாடித் தொட்டியிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வீட்டிலும் குளியல். மேல் மாடிகளில் ஒவ்வொரு குழாயாகக் காற்றை ஊதிவிட்டு நின்றது.

முதலில் இறங்கி வந்தவர் என் தோழியின் அப்பா. இடது கன்னம் மழமழவென்று இருந்தது. வலது கன்னத்தில் ஷேவிங் நுரை. அவருக்குப் பின்னால் சாவிக்கொத்தோடு செக்ரெட்டரி. வெடித்துச் சிரிக்கலாமா, சத்தம் போடலாமா என்று தெரியாத முகம் செக்ரெட்டரிக்கு.

"காய் சாலு ஆஹே, அண்ணா? என்ன நடக்குது இங்க?" என்றார். "போன வாரம் எவ்வளவு நல்லா பச்சையா இருந்தது. நான் உங்க பேருக்கு நேரா டிக் போடறதாத்தான் இருந்தேன்."

அப்பா குழாயை மூடினார். சேற்றிலிருந்து வெளியே வரவில்லை. நான் ஓரத்தில் நின்றதால் தோளில் கை வைக்க முடியவில்லை. அங்கிருந்தே, "சொல்லு பாப்பா" என்றார்.

சொன்னேன். அப்பா சொல்லச் சொல்ல, அப்படியே: தண்ணி போனது தப்பு, மன்னிச்சுக்கணும், சாயங்காலம் நானே கைப் பம்பிலிருந்து எல்லார் வீட்டுக்கும் கொண்டுவந்து ஊத்தறேன். இந்தச் செடி நமக்கு இல்லை, மண்ணுக்கு. பூக்கும்போது தின்னக் கொடுத்தாத்தான் மண்ணு எடுத்துக்கும். கொஞ்ச நாள் அழுகி நாத்தம் வரும், பொறுத்துக்கணும். அப்புறம் கத்தரி போடுவேன், எல்லா வீட்டுக்கும் குடுப்பேன். ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை. நாற்றத்தையும் விடவில்லை.

"மண்ணுக்குச் சாப்பாடு ஆச்சு. எனக்கு மூஞ்சி கழுவ?" என்றார் நுரைக்காரர். பையன்கள் சிரித்தார்கள். மேலே என் தோழியும் சிரிப்பது கேட்டது.

செக்ரெட்டரி கெட்டவர் இல்லை. அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். "அண்ணா, அடுத்த ஞாயிறு நான் பார்க்க வரும்போது இங்க சேறு மட்டும் இருந்தா நான் என்ன செய்ய? நர்சரியில நாலு செவந்தித் தொட்டி வாங்கி வைங்க. தோட்டம்னு எழுதிக்கறேன். முடிஞ்சது" என்றார். அப்பாவிடம் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. குனிந்து சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா நிலைப்படியில் இருந்து, "ஏங்க, நாலு தொட்டிதானே? வாங்கி வச்சுட்டுப் போங்களேன். என்ன கொறைஞ்சுடும்?" என்றாள்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "ஊர்ல இருந்ததையும் அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். கால வச்சு மிதிக்க எனக்குன்னு இந்த எடந்தான் இருக்கு. இதுலயும் தொட்டிய வச்சு வேஷம் போடச் சொல்றியா?"

"அண்ணா என்ன சொல்றார்?" என்று செக்ரெட்டரி என்னைக் கேட்டார்.

புரட்டாசியில் அப்பா ஊருக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது. அந்த வாக்கியத்தை நானும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஆனால் கேட்டதும் அது எனக்குள் போய் உட்காரவில்லை. நேராக மராத்தியாகி வெளியே வந்துவிட்டது. ஊர் நிலத்தை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், அவருக்கென்று இனி எங்கேயும் நிலம் கிடையாது, கால் வைக்க இந்த இடம் மட்டும்தான் இருக்கிறது, இதில் வேஷம் போட முடியாது என்கிறார். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை. எதையும் விடவில்லை.

சிரிப்பு நின்றது. நுரைக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கன்னத்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டார். சுவரோரம் நின்ற பையன்கள் பந்தைத் தேடுவது போல நகர்ந்தார்கள். செக்ரெட்டரி சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, அதுவரை இல்லாத ஒரு மெல்லிய குரலில், நோயாளியிடம் பேசுவது போல, "இருக்கட்டும் அண்ணா. நீங்க அப்படியே வச்சுக்குங்க. இந்த இடத்தை நாங்க தொட மாட்டோம். நான் பார்த்துக்கறேன்" என்றார். என் பக்கம் குனிந்து, "கித்தி சான் மராட்டி போல்தே!" என்று என் கன்னத்தைத் தட்டினார். எவ்வளவு அழகாக மராத்தி பேசுகிறாள் என்று.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். முகம் எல்லாம் பூரிப்போடு அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மராத்தி பேச வராது என்றேன். ஜமீன், பாவு என்ற சொற்கள் புரியாமல் இல்லை. நிலம், சகோதரன். அவர் முகம் கழுத்திலிருந்து மேலே கறுத்துக்கொண்டே வந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனேன். கோபம் இல்லை அது.

"நை சாப்" என்றார் செக்ரெட்டரியிடம். யாரையும் சொல்லச் சொல்லவில்லை. அவரே சொன்னார். "சிமெண்ட் டாலோ. பூரா டாலோ."

வேண்டாம் சார், சிமெண்ட் போடுங்கள், முழுக்கப் போடுங்கள். செக்ரெட்டரி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அப்பா அதற்குள் சேற்றிலிருந்து காலை உருவி எடுத்து வெளியே வந்துவிட்டார். பாதி மிதித்ததும் பாதி மிதிக்காததுமாக நிலம் அப்படியே கிடந்தது. கால் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் இல்லை. சேற்றுக் காலோடு நடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, கைப் பம்புப் பக்கம் போனார். சாயங்காலம் வரை எல்லா மாடிக்கும் அவர் குடம் சுமந்து ஏறி இறங்கியதைப் பார்த்தேன். என் தோழி வீட்டிலும் ஊற்றினார்.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன். "நான் சொன்னதுல ஏதாவது தப்பாம்மா?"

அம்மா என் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "ஒண்ணும் தப்பில்ல. அப்படியேதான் சொன்ன. சாப்பிடு."

குடி பாட்வாவுக்கு முன்னால் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். அழுகத் தொடங்கியிருந்த தழைக்கு மேலேயே ஜல்லியைக் கொட்டி, கலவையை ஊற்றி, மட்டம் பார்த்தார்கள். மாடி வீட்டு ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. அப்பா தன் சைக்கிளை அங்கே நிறுத்தியதே இல்லை. படிக்கட்டுக்குக் கீழே, மண்ணெண்ணெய் டின்களுக்கு நடுவில் செருகி வைப்பார். இடம் இருக்கும்போது எதற்கு இப்படிக் கஷ்டப்படுகிறார் என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை. என் கவலை வேறாக இருந்தது. தோழிகள் அதற்குப் பிறகு எருமை என்று கத்தவில்லை. அவர்கள் வீடுகளில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் திடீரென்று ரொம்ப நல்லபடியாகப் பழகினார்கள். தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து எனக்குப் பாதி கொடுத்தாள் இரண்டாவது மாடிக்காரி. என் மராத்திக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மழைக்காலத் தொடக்கத்தில் ரேஷன் கார்டில் ஏதோ திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் ஓடிப்போய்ச் செருப்பைப் போட்டேன். "நீ படி பாப்பா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். திருத்தம் ஆகியிருக்கவில்லை. மறுபடி போனார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்க்க வந்தபோதும் என் தோளில் கை வைக்கவில்லை. நான் வழக்கம்போல அவருக்கு முன்னால் போய், வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டி டீச்சரைப் பார்த்து, "மேரா லட்கி அச்சா படேகா?" என்றார். என் பெண் நன்றாகப் படிப்பாளா என்று, ஆண்பாலும் பெண்பாலும் குழம்பிப்போன இந்தியில். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தார். டீச்சர் பேசியதில் எவ்வளவு புரிந்ததோ, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் வராந்தாவில் நின்ற என் தோழியிடம் ஓடினேன்.

"பாத்தியா? எங்க அப்பாவுக்கு இந்தி வந்துடுச்சு" என்றேன் பெருமையாக. "இனிமே அவருக்கு நான் வேண்டாம்."